வாரச் சரக்கும் அன்றாடக் கூலியும்

வாரத்திற்கு ஒரு தடவை கடைக்குப் போங்கள். வேண்டியதை மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாளெல்லாம் வீட்டுக்குள்ளேயே இருங்கள்! 2020ஆம் ஆண்டு கொரோனா எனும் கொள்ளைநோய் பரவியபோது ஊரெங்கும் கேட்ட புத்திமதி இது. நல்ல புத்திமதிதான். நாலு பேர் கூடுமிடத்தில் நோய் தொற்றும் என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் தோழர்களே, ஒரு வாரச் சரக்கை ஒரே நாளில் வாங்க வேண்டுமானால், ஒரு வாரக் கூலி முன்கூட்டியே மடியில் இருக்க வேண்டுமே! அந்த மடி யாருக்கு இருந்தது? சேதுச் சீமையின் கடற்கரையிலே உழைத்து உண்கிறவனுக்கு இருந்ததா?

நடந்ததை எண்ணிப் பாருங்கள். மார்ச்சு 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடையுத்தரவு. அன்றிரவு 8 மணிக்கு டெல்லியிலிருந்து அறிவிப்பு; நள்ளிரவு முதல் நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கு. அறிவிப்புக்கும் அமுலுக்கும் இடையே நாலு மணி நேரம்! மாதச் சம்பளக்காரர் அந்த நாலு மணி நேரத்தில் மூட்டை மூட்டையாக வாங்கி வந்தார். அன்றைய கூலியில் அன்றைய உலையை ஏற்றுகிறவன் என்ன வாங்கினான்? அடுத்த நாளுக்கு அரிசி வாங்கியிருந்தால் அதுவே பெரிது. 21 நாள் என்றார்கள். மே 3 வரை என்றார்கள். 17 வரை என்றார்கள். 31 வரை என்றார்கள். நாள் நீண்டது, கூலி நீளவில்லை.

பத்து ரூபாய் எண்ணெய்

பாம்பன் பாலத்தைக் கடந்து இராமேசுவரத்திற்குள் நுழையுங்கள். விசைப்படகு வாரத்தில் மூன்று நாள் கடலுக்குப் போகும். பிடித்ததை விற்று, டீசலும் ஐசும் கழித்த பிறகுதான் ஆளுக்குப் பங்கு. கோயிலின் 22 தீர்த்தங்களிலே வாளியால் நீர் இறைத்து ஊற்றுகிறவருக்கு, யாத்திரிகர் வந்தால்தான் வரும்படி. ஆட்டோ ஓட்டுகிறவரும், தனுஷ்கோடி மணலிலே சங்கும் சிப்பியும் விற்கிறவரும் அப்படியே. பாம்பன், சின்னப்பாலம் பகுதியிலே கழுத்தளவு நீரில் மூழ்கிக் கடற்பாசி எடுக்கும் பெண்களுக்கு, அன்று எடுத்த பாசிதான் அன்றைய சோறு. கரையை விட்டு உள்ளே வந்தால் முண்டு மிளகாய்க் காடு, பனங்காடு, கருவேலங்கரி மூட்டம். மண்டபம் முகாமிலே வாழும் இலங்கைத் தமிழரில் பலர் தினக் கூலிக்கு வண்ணம் பூசப் போகிறவர்கள். இவர்களில் யாருக்கு முதல் தேதி என்று ஒன்று இருக்கிறது?

இவர்கள் கடைக்குப் போகும் விதத்தைப் பாருங்கள். பத்து ரூபாய்க்கு எண்ணெய். கால் கிலோ பருப்பு. ஐந்து ரூபாய்க்கு ஒரு பொட்டலம் தேயிலை. "மொத்தமாக வாங்கினால் மலிவாயிற்றே, ஏன் இப்படிச் சில்லறையாக வாங்குகிறார்கள்?" என்று கேட்கும் கனவான்கள் இருக்கிறார்கள். மலிவு என்பது ஏழைக்கும் தெரியும் ஐயா! தெரிந்தும் வாங்க முடியாததுதான் ஏழ்மை. ஒரு லிட்டருக்குக் கையில் பணம் உள்ளவன் குறைந்த விலை கொடுக்கிறான். பத்து ரூபாய்க்கு மட்டுமே வழியுள்ளவன் அதே எண்ணெய்க்கு அதிக விலை கொடுக்கிறான். ஊரடங்குக்கு முன்பும் அதுதான் நிலை. ஊரடங்கு அதை வெட்டவெளிச்சமாக்கியது.

கடிகாரத்தின் ஆட்சி

சரக்குக்கு அடுத்தபடியாக நேரம். மார்ச்சு 29 முதல் மளிகைக் கடையும் காய்கறிக் கடையும் காலை 6 முதல் பகல் 2.30 வரை, ஏப்ரல் 5 முதல் பகல் 1 மணி வரைதான். வாரச் சந்தைகள் மூடப்பட்டன. தமிழகமெங்கும் காய்கறிக் கடைகள் பேருந்து நிலையத்திற்கும் பள்ளி மைதானத்திற்கும் மாற்றப்பட்டன. பேருந்து ஓடாத காலத்திலே, குக்கிராமத்துத் தாய் அந்த மைதானத்திற்கு எப்படி வருவாள்? சைக்கிள் உள்ளவன் வந்தான், இல்லாதவன் நடந்தான். மோட்டார் சைக்கிளில் வந்தவன், வழியில் வண்டி பறிபோகாமல் வீடு திரும்ப வேண்டுமே என்று அஞ்சினான்.

அந்த அச்சம் வீண் அச்சமா? அண்டை மாவட்டமான தூத்துக்குடியைச் சேர்ந்த சாத்தான்குளத்திலே நடந்ததை நாடு மறக்கவில்லை. அனுமதித்த நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லி, கைப்பேசிக் கடை வைத்திருந்த ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்சும் 2020 ஜூன் 19ஆம் நாள் காவல் நிலையத்திற்குக் கொண்டு செல்லப்பட்டனர். சில நாட்களில் இருவரும் பிணமாயினர். சி.பி.ஐ. விசாரித்து, காவலர்கள் மீது கொலைக் குற்றம் சாட்டியது. நோயைத் தடுக்க வந்த கடிகாரம், அதிகாரத்தின் கையிலே தடியாக மாறினால் என்ன ஆகும் என்பதற்கு அந்த இரு உயிர்களே சாட்சி.

பூட்டிய கடல்

கடலுக்குப் பூட்டுப் போட முடியுமா? போட்டார்கள்! ஊரடங்கோடு படகுகள் கரையேறின. ஏப்ரல் 10ஆம் நாள் மீன்பிடிப்புக்கு மத்திய அரசு விலக்கு அளித்தது. ஐந்தாம் நாள், ஏப்ரல் 15, வழக்கமான மீன்பிடித் தடைக்காலம் பிறந்துவிட்டது! கிழக்குக் கரையிலே 61 நாளாக இருந்த தடையை அந்த ஆண்டு 47 நாளாகக் குறைத்து மே 31 வரை என்றார்கள். கணக்குப் போட்டால், மார்ச்சு 25 முதல் மே 31 வரை 68 நாள். விசைப்படகுத் தொழிலாளி குடும்பத்திற்கு வந்தது என்ன? அரிசி அட்டைக்கு அரசு கொடுத்த 1000 ரூபாய். தடைக்கால நிவாரணம் 5000 ரூபாய். இரண்டையும் கூட்டி 68ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 88 ரூபாய்! நிவாரணப் பட்டியலில் இல்லாத மற்றத் தொழிலாளி வீட்டில், அந்த 1000 ரூபாயை முதல் 21 நாளுக்குப் பிரித்தால் 48 ரூபாய்கூடத் தேறாது. அதிலே காய் வாங்குவதா, சோப்பு வாங்குவதா, குடம் தண்ணீர் வாங்குவதா? "தண்ணியில்லாக் காடு" என்று பெயரெடுத்த மாவட்டத்திலே, அடிக்கடி கை கழுவு என்பதற்கும் காசு வேண்டும்!

விளைவித்தவன் கதையும் அதேதான். முண்டு மிளகாய் பழுத்துக் களத்தில் காயும் பருவம் அது. வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதையாக, அறுவடை நேரத்திலே சந்தை மூடிக்கொண்டது. மிளகாய் மூட்டை வீட்டிலே. அரிசி மூட்டை கடையிலே. இரண்டுக்கும் நடுவே காசு என்ற பாலம் அறுந்து கிடந்தது.

பற்று நோட்டு

அந்த இடைவெளியை முதலில் தாங்கியது எது? தெருமுனை மளிகைக் கடையின் பற்று நோட்டு! பெரிய கடைகள் ரொக்கம் கேட்டன. கைப்பேசியிலே பணம் அனுப்பச் சொல்லின. தெருக் கடைக்காரரோ முகத்தைப் பார்த்து நோட்டிலே எழுதிக்கொண்டார். ஆனால் அவரும் சிறு முதல் போட்டவர்தானே? மொத்த வியாபாரி அவரிடம் ரொக்கம் கேட்டால், அவர் எத்தனை நாள் எழுதுவார்? நோட்டு நிரம்பியதும் காதுத் தோடு அடகுக் கடைக்குப் போயிற்று. படகுக்காரரிடம் வாங்கிய முன்பணம் ஏறிற்று. வங்கிக் கடனுக்கு ரிசர்வ் வங்கி ஆகஸ்ட் 31 வரை தவணை விடுப்புக் கொடுத்தது. கந்துவட்டிக்கு யார் விடுப்புக் கொடுத்தது? வட்டிக்கு ஊரடங்கு ஏது!

பட்டியல் கேட்காத கடை

பற்று நோட்டால் முடியாததை முடித்தது நியாயவிலைக் கடை. ஏப்ரல் முதல் வாரத்தில் டோக்கன் கொடுத்து, நாளும் நேரமும் குறித்து, அரிசியும் பருப்பும் எண்ணெயும் சர்க்கரையும் விலையின்றி வழங்கினார்கள். மே, ஜூனிலும் தொடர்ந்தது. மத்திய அரசு தலைக்கு 5 கிலோ அரிசி கூடுதலாகத் தந்தது; அது நவம்பர் வரை நீண்டது. மறு ஆண்டு இரண்டாம் அலை வந்து, 2021 மே 24 முதல் மளிகைக் கடையையும் மூடிய முழு ஊரடங்கிலே, காய்கறி வண்டி தெருவுக்கு வந்தது. இரண்டு தவணையாக 4000 ரூபாயும் 14 மளிகைப் பொருள்கள் கொண்ட பையும் நியாயவிலைக் கடை வழியே வந்தன. முதல் ஆண்டைவிட மறு ஆண்டு ஏழை வீட்டுக் கணக்கைச் சற்று அறிந்திருந்தது.

இந்த இரண்டு ஆண்டிலும் அந்தக் கடை அரிசிக்கு அட்டை வைத்திருந்தவரிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை: "நீ வறுமைக் கோட்டுக்குக் கீழா, மேலா?" இந்தக் கேள்வி 1997 முதல் இந்தியாவின் பல மாநிலங்களில் கேட்கப்பட்டது. தமிழ்நாடு எல்லோருக்கும் பொது என்ற முறையை விடாமல் காத்தது. அதன் அருமை 2020இல் தெரிந்தது. சொந்தமாக ஆட்டோ வைத்திருந்தவர், சிமெண்டு வீடு கட்டியவர், யாத்திரிகருக்கு அறை வாடகைக்கு விட்டவர் — இவர்களை எந்த ஏழைப் பட்டியல் சேர்த்திருக்கும்? மார்ச்சிலே நடை சாத்திய கோயில் செப்டம்பர் 1ஆம் நாள்தான் திறந்தது. நேற்றுவரை ஏழையில்லாதவன் ஒரே இரவில் ஏழையானான். பட்டியல் எழுதி முடிப்பதற்குள் பசி வந்துவிடும், தோழர்களே!

"கடை எதற்கு, வங்கியிலே பணம் போட்டால் போதாதா?" என்பார் சிலர். பக்கத்துப் புதுச்சேரியிலே அரிசிக்குப் பதில் பணம் என்று மாற்றி, நியாயவிலைக் கடைகள் மூடிக் கிடந்தன. மக்கள் கேட்டது கடையை. 2024 அக்டோபரிலே மீண்டும் திறந்தார்கள். ஊரே அடைத்துக் கிடக்கும் நாளில், பாலத்திற்கு அப்பாலிருந்து லாரி வந்தால்தான் காய்கறி என்றிருக்கும் தீவிலே, வங்கிக் கணக்கிலுள்ள எண்ணைக் கொதிக்க வைத்துக் குடிக்க முடியுமா? தெருவுக்குள்ளே ஒரு கிட்டங்கி, அதிலே அரிசி, அதை அளக்க ஒரு தராசு: இவை இருந்ததால் உலை கொதித்தது.

குறை இல்லையா? உண்டு. அரிசி வந்தது, குழம்புக்கு வழி வரவில்லை. அட்டையில்லாத புதுக் குடித்தனங்களும், வெளி மாநிலத்திலிருந்து வந்த கூலியாட்களும் வரிசைக்கு வெளியே நின்றனர். "பருப்பு இல்லை, நாளை வா" என்ற பல்லவியும் புதிதல்ல.

ஆகவே தோழர்களே, நமக்கு வேலை இருக்கிறது. உங்கள் தெருவிலே அட்டையில்லாத குடும்பம் எது என்று இன்றே கணக்கெடுங்கள். விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். எடை சரியா, சரக்கு மாதமெல்லாம் இருக்கிறதா என்று கடை வாசலில் நின்று பாருங்கள். வசதியுள்ளவருக்கும் ஏன் அரிசி என்று யாராவது கேட்டால், 2020 ஏப்ரலை நினைவுபடுத்துங்கள். அடுத்த கொள்ளைநோயோ புயலோ நாள் குறித்து வராது. அது வரும் இரவிலே, கடற்கரைக் குடிசையில் ஒரு வாரச் சரக்கு இருக்காது. தெருமுனை நியாயவிலைக் கடையிலாவது இருக்க வேண்டும். இருக்கச் செய்வது நம் பொறுப்பு!