ஓவியக் கல்வி கலைஞருக்குத் தருவது என்ன?

ஓவியம் கைப்பழக்கத்தால் வருவது என்பது நம் முன்னோர் கண்ட முடிவு. அதனை மறுப்பார் இலர். ஆயினும் அம்முடிவைச் சான்றாகக் கொண்டே இன்று பலர் வேறொரு வினாவை எழுப்புகின்றனர். "பிள்ளைக்கு இயல்பாகவே வரைய வருகிறது. வீட்டிலிருந்தே பழகினால் போதாதா? அதற்கென்று நான்காண்டுகள் கல்லூரிக்குச் செல்ல வேண்டுமா? சென்றால்தான் அது சோறு போடுமா?" என்பது அவ்வினா. துறைமுக வேலைக்கும், ஆலை வேலைக்கும், மீன்பிடித் தொழிலுக்கும் செல்வோர் நிறைந்த இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளில் இவ்வினா எழுவது இயற்கையே. நான்காண்டுக் கல்வி என்பது நான்காண்டு ஊதியத்தை இழப்பதும் ஆகும். எனவே முறையான ஓவியக் கல்வி எதைத் தருகிறது, எதைத் தருவதில்லை என்பதை ஒளிவுமறைவின்றி ஆராய்வது நம் கடமையாகிறது.

முறைப்படி கற்றல் பழையது

கலையை முறைப்படி கற்பது மேலைநாட்டார் கொணர்ந்த புதுவழக்கம் என்று கருதுவோர் உளர். நம் இலக்கியமே அக்கருத்தை மறுக்கும். நாடகக் கணிகையர் கற்றுத் துறைபோகிய கலைகளுள் ஓவிய நூலையும் ஒன்றாக மணிமேகலை எண்ணுகிறது. கற்பதற்கு நூல் இருந்தது. கற்பிக்கும் ஆசிரியரும் இருந்தனர் என்பது இதனால் விளங்கும்.

திருவொற்றியூர்க் கோயிலில் யானையின் பின்புறம் போல் வளைந்த அமைப்புடைய கருங்கல் விமானம் ஒன்று உண்டு. முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் அதனைக் கட்டியவன் இரவி என்னும் வீரசோழத் தச்சன் எனக் கல்வெட்டு கூறுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் பகுதியில் பணிசெய்த ஒரு கலைஞனின் பெயர் கல்லில் நின்றுவிட்டது. வளைந்த சுவரின் மேல் சுமையை இறக்கி நிறுத்தும் கணக்கு, தலைமுறை தலைமுறையாகக் கற்பித்துக் கற்ற கல்வியின் பயனாகவே அவன் கைக்கு வந்திருக்க வேண்டும்.

இசுலாமிய உலகின் எழுத்தணிக் கலையும் இவ்வாறே வளர்ந்தது. பாக்தாதில் வாழ்ந்து கி.பி. 940-இல் மறைந்த இப்னு முக்லா, எழுதுகோலின் முனை பதிக்கும் சாய்சதுரப் புள்ளியை அளவாகக் கொண்டு எழுத்துகளின் உயரத்தையும் வளைவையும் வரையறுத்தார். மாணவர் ஆசிரியரின் எழுத்தைப் பார்த்துப் பன்முறை எழுதிப் பழகுவர். தேர்ச்சி பெற்றபின் ஆசிரியர் 'இஜாஸா' என்னும் இசைவை வழங்குவார். அதன் பின்னரே தம் எழுத்தின்கீழ்த் தம் பெயரை இடும் உரிமை மாணவருக்கு உண்டாகும். சென்னைத் திருவல்லிக்கேணியில் 1927-இல் தொடங்கப்பெற்ற 'முசல்மான்' என்னும் உருது நாளிதழ், அச்சு எழுத்துகள் பெருகிய பின்னரும் நெடுங்காலம் எழுத்தர்களின் கையாலேயே எழுதப்பெற்று வந்தது, இம்மரபின் நீட்சியாகும்.

அண்மையில் எழுந்த கல்லூரி

நம் நாட்டின் மிகப் பழைய ஓவியக் கல்லூரிகளுள் ஒன்று வடசென்னையின் வாயிலிலேயே பிறந்தது என்பது நம் மாணவர் பலர் அறியாத செய்தி. 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர், இன்று பிரகாசம் சாலை எனப்படும் பாப்பம்ஸ் பிராட்வேயில் ஓவியப் பள்ளி ஒன்றைத் தம் முயற்சியால் தொடங்கினார். இராயபுரத்திலிருந்து நடந்தே செல்லக்கூடிய தொலைவு அது. அடுத்த ஆண்டில் கைத்தொழிற் பிரிவும் சேர்ந்தது. 1855-இல் அரசு அப்பள்ளியை ஏற்றது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இன்று விளங்கும் அரசு கவின்கலைக் கல்லூரி அதன் வளர்ச்சியே.

கலையும் தொழிலும் அங்கே ஒரே கூரையின்கீழ் இருந்தன. 1898-ஆம் ஆண்டளவில் ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் பொறியியல் பேராசிரியர் அலுமினியப் பாத்திரங்கள் செய்யும் முயற்சியை அப்பள்ளியில்தான் தொடங்கினார். நம் வீட்டு அடுக்களைகளில் பல தலைமுறைகள் புழங்கிய அலுமினியப் பாத்திரத்தின் வரலாற்றில் ஓர் ஓவியப் பள்ளிக்கும் பங்குண்டு.

முதற்பாடம்: பார்க்கக் கற்றல்

இத்தகைய கல்லூரியில் மாணவர் முதலில் கற்பது யாது? பார்ப்பதற்குக் கற்கிறார் என்பதே நம் விடை. நாம் அனைவரும் கண்ணால் காண்கிறோம். ஆனால் வரையும்போது கண்டதை வரைவதில்லை, அறிந்ததையே வரைகிறோம். மேசைக்கு நான்கு கால்கள் என்று அறிந்திருப்பதால், மூன்றே தெரிந்தாலும் நான்கை வரைந்துவிடுகிறோம். முகத்தில் கண்கள் முதன்மையானவை என்று எண்ணுவதால் அவற்றைப் பெரிதாக்கி, தலையின் மேற்பகுதியைக் குறுக்கிவிடுகிறோம். உண்மையில் கண்கள் தலையின் நடு உயரத்தில்தான் அமைந்துள்ளன. ஆசிரியர் மாணவரின் கையில் கரிக்கோலைக் கொடுத்து, கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, எதிரில் உள்ள உருவை அக்கோலால் அளக்கச் சொல்வது இப்பிழையைக் களைவதற்கே. வளர்ந்த மனிதரின் உயரம் ஏறத்தாழ ஏழரைத் தலை. சிறு குழந்தைக்கு நான்கு அல்லது ஐந்து. சிற்பியின் தாலம், எழுத்தணிக் கலைஞரின் புள்ளி, ஓவிய மாணவரின் தலையளவு ஆகிய மூன்றும் ஒரே உண்மையைக் கூறுகின்றன: அளவை அறிந்தவரே அளவை மீறவும் அறிவார்.

1856-இல் திறக்கப்பெற்ற இராயபுரம் தொடர்வண்டி நிலையத்திற்கு மாணவர் ஒருவர் செல்வதாகக் கொள்வோம். தண்டவாளங்கள் தொலைவில் ஒன்றுகூடுவதாகத் தோன்றும் புள்ளி அவருடைய கண்மட்டத்தில் அமையும். அவர் அமர்ந்தால் அது தாழும், நின்றால் உயரும். நிலையத்தின் தூண்வரிசையும் அதே புள்ளியை நோக்கிச் சரியும். இவ்விதியை ஒருமுறை உணர்ந்தவர், துறைமுகத்துப் பளுதூக்கிகளையும் காசிமேட்டுப் படகு வரிசையையும் பின்னர்த் தடுமாற்றமின்றி வரைவார். நிறமும் இத்தகையதே. நிழல் கருப்பு என்று எண்ணிக் கருப்பைக் கலந்தால் படம் உயிரிழக்கும். மாலை நேரத்தில் மணல்மீது விழும் படகின் நிழலில் நீலமும் ஊதாவும் கலந்திருப்பதைக் காணப் பழகிய கண் வேண்டும்.

உடலும் பொருளும்

மெரினாக் கடற்கரையில் உள்ள உழைப்பாளர் சிலையை நம்மில் பார்க்காதவர் இலர். 1929 முதல் 1957 வரை சென்னை ஓவியப் பள்ளியின் தலைவராக விளங்கிய தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த அச்சிலை 1959-இல் திறக்கப்பெற்றது. நால்வர் ஒரு பாறையை நெம்புகின்றனர். அவர்தம் முகங்களை மறைத்துவிட்டுப் பார்த்தாலும் பாறையின் கனம் நமக்குப் புலப்படும். சாய்ந்த முதுகும், ஊன்றிய காலும், விறைத்த தோளும் அக்கனத்தைச் சொல்லிவிடுகின்றன. தோலின்கீழ் எந்தத் தசை எப்போது புடைக்கும், உடலின் சுமை எந்தக் காலில் இறங்கும் என்பவற்றை ஆண்டுக்கணக்கில் மனிதர்களை எதிரே நிறுத்தி வரைந்து கற்றவர்க்கே இது கைகூடும். மூட்டை தூக்குவோரை நாள்தோறும் பார்க்கும் நம் பகுதி இளைஞர்க்குப் பொருள் கண்முன் இருக்கிறது. அதனைப் படிக்கும் இலக்கணத்தையே கல்லூரி தருகிறது.

இனி, பொருள்களின் இயல்பை அறிதலும் கல்வியின் ஒரு கூறாகும். இரும்புக் கம்பியின் மேல் சிமெண்டு பூசிச் செய்த சிலை, நம் கடற்கரையின் உப்புக் காற்றில் என்னவாகும்? கம்பி துருவேறிப் பருக்கும். சிலை உள்ளிருந்தே வெடிக்கும். எண்ணெய் வண்ணத்தில் அடிப்பூச்சு எண்ணெய் குறைந்தும் மேற்பூச்சு எண்ணெய் மிகுந்தும் இருத்தல் வேண்டும். மாறினால் காலப்போக்கில் பிளவு காணும். சில வண்ணங்கள் வெயிலில் விரைவில் வெளிறும். தாமே தட்டுத்தடுமாறிக் கற்பவர் இவற்றை அறிய, வரைந்த படங்கள் பல கெட்டாக வேண்டும். ஆசிரியர் இருப்பின் ஒரு பிற்பகலில் அறியலாம்.

பிறர் கண்ணால் தம்மைக் காணுதல்

வீட்டில் வரையும் பிள்ளைக்குக் கிடைப்பது பாராட்டு. உறவினர் வியப்பர், நண்பர் கைதட்டுவர். வளர்ச்சிக்கு அது போதாது. கல்லூரியில் வரைந்த படத்தைச் சுவரில் சாய்த்துவைத்து, ஆசிரியரும் உடன்பயில்வோரும் குறைகூற, மாணவர் நின்று கேட்க வேண்டும். இது கசப்பான மருந்தே. ஆயினும் தேர்ந்த கலைஞர்களும் இதனை நாடினர் என்பதற்குச் சையத் ஹைதர் ராசாவின் வாழ்வு சான்றாகும். நாகபுரியிலும் பம்பாயிலும் ஓவியம் பயின்று, 1947-இல் முற்போக்கு ஓவியர் குழுவைத் தோற்றுவித்தோருள் ஒருவராகி, பெயர் பெற்றவர் அவர். 1948-இல் காசுமீரத்தில் அவர் படங்களைக் கண்ட பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் கார்த்தியே-பிரசோன், அவற்றில் கட்டமைப்பு இல்லை என்று குறை கூறினார். செசானின் ஓவியங்களைக் கற்குமாறு அறிவுறுத்தினார். ராசா சினங்கொள்ளவில்லை. 1950-இல் உதவித்தொகை பெற்றுப் பாரிசு சென்று, மீண்டும் மாணவராக அமர்ந்தார்.

நம் சென்னைக் கல்லூரியின் கே.சி.எஸ். பணிக்கரும் இத்தகையவரே. குடும்பப் பொறுப்பினால் முன்னரே வேலைக்குச் சென்றவர், நிலக்காட்சிகளை வரைவதில் தேர்ச்சி பெற்றிருந்தும், 1936-இல் தம் இருபத்தைந்தாம் வயதில் அங்கு மாணவராகச் சேர்ந்தார். 1957-இல் அக்கல்லூரியின் முதல்வரானார். மேலைநாட்டு முறைகளை நன்கு கற்றபின்னர், நம் சாதகக் கட்டங்களையும் எழுத்துகளையும் நினைவூட்டும் 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் ஓவிய வரிசையை 1963 முதல் படைத்தார். அவர் காலத்தில் அங்குப் பயின்ற கே.எம். ஆதிமூலம், 1969-இல் காந்தியடிகளை ஏறத்தாழ நூறு கோட்டோவியங்களில் தீட்டினார். தமிழ் இதழ்களுக்கும் நூல்களுக்கும் அவர் அளித்த கோடுகளும் எழுத்து வடிவங்களும் தமிழ்ப் பதிப்புலகிற்குப் புதுமுகம் தந்தன. கற்றது இவர்களைக் கட்டிப்போடவில்லை; தமக்குரிய வழியைக் காணத் துணைநின்றது.

கல்வி தராதது

யாப்பிலக்கணம் கற்றோர் அனைவரும் கவிஞராவதில்லை. அதுபோல ஓவியக் கல்லூரி எதை வரைவது என்பதைக் கற்பிக்க இயலாது. எம்.எப். உசேன் திரைப்பட விளம்பரத் தட்டிகளை வரைந்து வயிற்றைக் கழுவியவர். தெருவே அவருக்குப் பெரிய பள்ளியாயிற்று. கல்லூரி வாயிலை மிதிக்காத மேதைகளும் உளர். ஆனால் அவர்களும் ஆசிரியர் இன்றிக் கற்றவர் அல்லர். பிறர் படைப்புகளை ஆசிரியராகக் கொண்டு, நீண்ட வழியில் நடந்தவர்கள்.

எதை வரைவது என்னும் வினாவிற்கு நம் பகுதியில் விடைக்குப் பஞ்சமில்லை. 1970-இல் இயங்கத் தொடங்கி 2017-இல் மூடப்பெற்ற எண்ணூர் அனல்மின் நிலையத்தின் நிழலில் தலைமுறைகள் வளர்ந்தன. 2023 டிசம்பரில் புயல்வெள்ளத்தோடு வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவி, மீனவர்தம் படகிலும் வலையிலும் படிந்தது. செய்தியாளர் வந்து படம் எடுத்துச் சென்றனர். அந்நீரின் நிறம் முன்பு எவ்வாறு இருந்தது என்பதை அறிந்தவர் அக்கரையில் பிறந்தவரே. அதனைப் பிறர் உணருமாறு தீட்ட, அறிவும் பயிற்சியும் ஒருங்கே உடைய ஒருவர் அங்கிருந்தே எழவேண்டும். இதற்காகவே இக்கல்வி நம் பிள்ளைகளுக்கு வேண்டும் என்கிறோம்.

வயிற்றுப்பாடு

பெரியோர் கேட்கும் இறுதி வினாவிற்கு வருவோம். ஓவியம் கற்றவர் அனைவரும் செல்வராவர் என்று நாம் கூறவில்லை. ஆனால் ஒரு செய்தியை நினைவூட்ட விரும்புகிறோம். நம் தெருக்களில் பெயர்ப்பலகையும் சுவர் விளம்பரமும் எழுதிய கைத்திறன் மிக்கோர் பலர், கணினியில் அச்சிட்ட விளம்பரப் பதாகைகள் வந்தபோது வேலையிழந்தனர். அவர்தம் திறமையில் குறையில்லை. ஒரு வேலையிலிருந்து மற்றொன்றிற்கு மாறும் வழிதான் அவர்களுக்குக் காட்டப்படவில்லை. வடிவம், நிறம், எழுத்து, கட்டமைப்பு ஆகியவற்றின் அடிப்படையைக் கற்றவர் கருவி மாறினாலும் பிழைத்துக்கொள்வர். ஓவியம், சிற்பம் மட்டுமன்றித் துணி வடிவமைப்பு, சுடுமண் கலை, அச்சுக்கலை, விளம்பர வடிவமைப்பு ஆகியனவும் கவின்கலைக் கல்லூரியில் கற்பிக்கப்படுகின்றன. பணிக்கரும் அவர்தம் மாணவர்களும் 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தபோது, பத்திக் துணிகள் முதலிய கைவினைப் பொருள்களை விற்றே நிலத்திற்கும் வாழ்விற்கும் வழிதேடினர் என்பதும் எண்ணத்தக்கது.

எனவே மாணவர்கள் இன்றே ஒரு குறிப்பேட்டை வாங்கி, நாள்தோறும் காண்பதை, கண்டவாறே வரைந்து பழகுவார்களாக. கல்லூரியின் நுழைவுத் தேர்வுக்கு அதுவே நல்ல ஆயத்தமாகும். ஆசிரியர்கள் அத்தகைய மாணவரைக் கண்டறிந்து, கல்லூரிக்கு ஒருமுறை அழைத்துச் சென்று காட்டுவார்களாக. ஊர்ப் பெரியோர் மருத்துவத்திற்கும் பொறியியலுக்கும் வழங்கும் உதவித்தொகையில் ஒன்றையேனும் கலை பயிலும் பிள்ளைக்கு ஒதுக்குவார்களாக. அந்நான்காண்டுகளின் சுமை, பெற்றோர் தோளில் மட்டும் விழாதிருக்க அதுவே வழி.