பத்து ரூபாய் வாஷருக்கு சோம்பல்! பல ஆயிரம் ரூபாய் என்ஜினுக்கு ஆபத்து!!

சென்னை:- காலையில் அவசரமாக வண்டியை எடுக்கிறீர்கள். ஆபீசுக்கு நேரமாகிவிட்டது. வண்டி நின்ற இடத்தில் தரையைப் பார்த்தால் ரூபாய் நாணயம் அளவுக்குக் கறுப்பாக ஒரு வட்டம். "ஆயில் மாத்தும்போது கொட்டினதா இருக்கும்" என்று கிளம்பி விடுகிறீர்கள். மறுநாளும் அதே வட்டம்.

அது கொட்டினது அல்ல. ஒழுகுவது!

ஒழுகுவதற்குக் காரணம் பெரும்பாலும் பெரிய கோளாறு எதுவும் இல்லை. என்ஜினுக்கு அடியில் உள்ள டிரெய்ன் போல்ட்டுக்கும் என்ஜினுக்கும் நடுவே ஒரு சின்ன வளையம் இருக்கிறது. கால் கொலுசு மணியை விடக் கொஞ்சம் பெரிது. அதுதான் வாஷர். ஆயில் மாற்றும்போது அதையும் மாற்ற வேண்டும். பல இடங்களில் மாற்றுவதில்லை. துடைத்துவிட்டுப் பழையதையே மாட்டுகிறார்கள்.

நசுங்குவதுதான் அதன் வேலை

இந்த வாஷர் அலுமினியத்தில் அல்லது செம்பில் செய்தது. இரும்பு போல கெட்டி கிடையாது. போல்ட்டை இறுக்கும்போது நடுவில் மாட்டிக்கொண்டு நசுங்கும். கண்ணுக்குத் தெரியாத கீறல், மேடு பள்ளம் எல்லாவற்றிலும் போய் அடைத்துக்கொள்ளும். அதனால்தான் கொதிக்கிற ஆயில் வெளியே வராமல் நிற்கிறது.

ஒருமுறை நசுங்கியது நசுங்கியதுதான். கழற்றி மறுபடி மாட்டினால் அதே இடத்தில், அதே பக்கமாக உட்காராது. மேற்கொண்டு நசுங்கவும் மாட்டாது. தலைமயிர் அளவு சந்து இருந்தாலும் போதும். சூட்டில் தண்ணீர் மாதிரி இளகிய ஆயில் அதன் வழியே வந்துவிடும்.

சில வண்டிகளில் இந்த இடத்தில் ரப்பர் வளையம் இருக்கும். சூடு பட்டுப் பட்டு ரப்பர் தட்டையாகி, கெட்டியாகி விடும். அதற்கும் இதே கதைதான்.

சிம்சன் பக்கம் நடந்தது

இதை எழுதுகிறவனுக்கே நடந்தது இது. 2024-ம் ஆண்டு மழைக்காலம். ரோட்டோரக் கடை ஒன்றில் ஆயில் மாற்றினேன். பழைய வாஷரையே கடைப் பையன் துணியில் துடைத்து மாட்டினான். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். ஒன்றும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் அண்ணா சாலையில் சிம்சன் பக்கம் திரும்பினேன். பின்சக்கரம் வாழைப்பழத் தோலில் கால் வைத்தது போல வழுக்கியது. அடுத்த நொடி நான் தரையில்! பின்னால் வந்த பஸ் டிரைவர் பிரேக் போட்டதால் முழங்கால் தோலோடு போயிற்று.

எழுந்து டயரைத் தொட்டேன். கையெல்லாம் ஆயில்! அடியில் சொட்டிய ஆயிலைக் காற்று பின்னால் அடித்து, டயரில் பூசியிருக்கிறது.

இறுக்கினால் தீருமா?

வண்டியைத் தள்ளிக்கொண்டு அதே கடைக்குப் போனேன். "லூசா இருக்கும் தம்பி, ஒரு டைட்டு வச்சா சரியாயிடும்" என்றார் மெக்கானிக். ஸ்பேனரில் ஒரு நீளக் குழாயைச் சொருகி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். 'கடக்' என்று ஒரு சத்தம். போல்ட் சும்மா சுற்ற ஆரம்பித்தது.

மரை போய்விட்டது!

போல்ட் இரும்பு. அது ஏறும் என்ஜின் அடிப்பாகமோ அலுமினியம். இரண்டும் மல்லுக்கு நின்றால் தோற்பது அலுமினியம்தான். அப்புறம் லேத்துப் பட்டறை. புது மரை வெட்டவேண்டும், இல்லாவிட்டால் உள்ளே கம்பிச்சுருள் மரை வைக்கவேண்டும். அடிப்பாகமே விரிசல் விட்டிருந்தால் என்ஜினை முழுக்கப் பிரித்தாக வேண்டும். ஒரு டீ, ஒரு வடை காசை மிச்சம் பிடித்ததற்கு இத்தனை தண்டம்!

இந்த போல்ட்டை எவ்வளவு இறுக்கலாம் என்பதற்குக் கணக்கு உண்டு. 12 மில்லி மீட்டர் போல்ட் பலவற்றுக்கு 20 முதல் 30 நியூட்டன் மீட்டர்தான். ஒரு சாண் நீள ஸ்பேனரின் முனையில் 9 முதல் 14 கிலோ எடையைத் தொங்கவிட்டது போன்ற பலம். அவ்வளவே! குழாய் சொருகி உடம்பு எடையை எல்லாம் போட்டால் எந்த மரை தாங்கும்? உங்கள் வண்டிக்குச் சரியான அளவு, வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் இருக்கும்.

அரை வயிறு ஆயிலில் ஓட்டம்

சாதாரண 100 சி.சி. வண்டியில் இருக்கும் ஆயிலே ஏறக்குறைய ஒரு லிட்டர்தான். என்ஜின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் அந்த ஒரே ஆயில்தான். ஆயில் குறைந்தால் எரிகிற சிவப்பு விளக்கும் பல சின்ன வண்டிகளில் கிடையாது. சொட்டுச் சொட்டாகப் போனால் உங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. ஒருநாள் நடுரோட்டில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

ஸ்கூட்டர்காரர்கள் சிரிக்க வேண்டாம். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் உள்ள கியர் பெட்டியில் சுமார் 100 மில்லி ஆயில்தான் இருக்கும். அதற்கும் தனி போல்ட், தனி வாஷர். டிஸ்க் பிரேக் குழாய் முனையிலும் இதேபோல இரண்டு வாஷர் உண்டு. அங்கே ஒழுகினால் பிரேக்கே பிடிக்காது!

காய்ச்சிப் போடும் வித்தை

பழைய மெக்கானிக்குகள் செம்பு வாஷரைத் தீயில் காட்டி, செக்கச் சிவந்ததும் ஆறவிட்டு மறுபடி போடுவார்கள். அதில் தப்பில்லை. நசுங்கி இறுகிய செம்பு, காய்ச்சினால் மறுபடி இளகிவிடும். கரியைச் சுத்தமாகத் தேய்த்து எடுக்கவேண்டும்.

அலுமினிய வாஷரில் இந்த வித்தை வேண்டாம். அது சிவக்காது. 660 டிகிரியில் சொல்லாமல் கொள்ளாமல் உருகிவிடும். டேப் சுற்றுவது, பேஸ்ட் தடவுவது எல்லாம் ஒட்டுப்போடும் வேலை. பேஸ்ட் துணுக்கு உள்ளே போனால் ஆயில் பாதையை அடைக்கும்.

பக்கத்தில் நின்று பாருங்கள்

ஆயில் மாற்றும்போது டீ குடிக்கப் போய்விடாதீர்கள். "அண்ணே, வாஷர் புதுசு போடுங்க" என்று முதலிலேயே சொல்லுங்கள். சரியான அளவு முக்கியம். ஜெனரல் பேட்டர்ஸ் சாலை உதிரிபாகக் கடைகளில் வண்டி மாடலைச் சொல்லிக் கேட்டு வாங்கி, சீட்டுக்கு அடியில் இரண்டு போட்டு வையுங்கள்.

பழைய வாஷர் என்ஜினில் ஒட்டிக்கொண்டு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கவனிக்காமல் அதன்மேல் புதியதை மாட்டினால் இரண்டு வாஷராகி, ஒழுகல் தொடரும். போல்ட்டை முதலில் கையால் சுற்றி ஏற்றவேண்டும். ஸ்பேனர் கடைசியில்தான். ஆயில் ஊற்றியதும் ஐந்து நிமிஷம் என்ஜினை ஓடவிட்டு, விரலால் போல்ட்டைச் சுற்றித் தடவிப் பாருங்கள். சைலன்சரில் கை படாமல்!

மெக்கானிக்குகள் மீது மட்டும் பழி போடுவது நியாயமில்லை. ஆயிலுக்கு மறுபேச்சில்லாமல் காசு கொடுக்கும் நாம், வாஷருக்குப் பத்து ரூபாய் கேட்டால் "அது எதுக்கு?" என்று முறைக்கிறோம். அவர்களும் கேட்பதை விட்டுவிட்டார்கள்.

நாளைக் காலை வண்டியை எடுக்கும் முன் ஒரு நொடி குனிந்து தரையைப் பாருங்கள். கறுப்பு வட்டம் இருந்தால், அன்றைக்கு ஆபீசுக்குப் பஸ்ஸில் போங்கள்!