பிடிச்ச பயிற்சியே பெஸ்ட் பயிற்சி!

‘‘ஸ்கிப்பிங்கா... மூச்சு வாங்குது!’’ ‘‘யோகாவா... போரடிக்குது!’’ இப்படி ஒரே வீட்டில் ஆளுக்கொரு கட்சியா? சண்டையே வேண்டாம். பிடிக்காததைக் கட்டாயப்படுத்திச் செய்தால், பத்தே நாளில் பாய் பரணுக்குப் போய்விடும்!

ஆனால், உடம்பு கேட்கும் கணக்கு ஒன்று உண்டு. வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான பயிற்சி. கூடவே, இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி. இது பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது. எதைச் செய்து கணக்கை முடிப்பது என்பது உங்கள் இஷ்டம்.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருக்கிறீர்களா? சித்திரை வெயிலில் வெளியே நடக்கப் பிடிக்காதுதான். ஹாலிலேயே பாட்டுப் போட்டு ஆடுங்கள். பேச முடியணும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம். கீழ் வீட்டுக்காரர் முறைக்கிறாரா? குதிக்காமல், நின்ற இடத்திலேயே நடை போடுங்கள்.

‘வாக்கிங் மட்டும் போதும்’ என்கிற அப்பாக்களே, ஒரு விஷயம்... சாப்பிட்டதும் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசைதான். இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் என்று 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்கிறது. அதனால் தசையை மறக்காதீர்கள். தண்டால் பிடிக்காதா? சுவரில் கை ஊன்றித் தள்ளுங்கள். தோப்புக்கரணம் கஷ்டமா? நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருங்கள்.

பிடிக்கலை என்பது வேறு, வலிக்குது என்பது வேறு. நெஞ்சுவலி, தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். மற்றபடி, இன்றைக்கே ஆரம்பியுங்கள்... உங்களுக்குப் பிடித்ததிலிருந்து!