முதியோர் இல்லத்துக்கு வந்த 100 கிளிகள்!

வேளாவேளைக்குச் சாப்பாடு, மருந்து, பார்த்துக்கொள்ள ஆள்... எல்லாம் இருந்தும் சில முதியவர்கள் நாளுக்கு நாள் சோர்ந்துபோவார்கள். அதற்கு என்ன காரணம்?

1991-ல், அமெரிக்காவின் நியூயார்க் மாகாணத்தில் உள்ள நியூ பெர்லின் என்ற சிற்றூரில், சேஸ் மெமோரியல் முதியோர் இல்லத்தின் மருத்துவராகப் பொறுப்பேற்ற பில் தாமஸுக்கும் இதே கேள்வி எழுந்தது. அங்கே இருந்தவர்கள் சுமார் 80 பேர். சலிப்பு, தனிமை, யாருக்கும் உதவ முடியவில்லையே என்ற ஏக்கம்... இந்த மூன்றும்தான் அவர்களை வாட்டுகின்றன என்று அவருக்குப் பட்டது.

விதிகளைத் தளர்த்த அரசிடம் அனுமதி வாங்கி, 2 நாய்கள், 4 பூனைகள், 100 சிறு கிளிகளை இல்லத்துக்குள் கொண்டுவந்தார். கிளிகள் வந்து இறங்கிய நேரத்தில் கூண்டுகள் வந்து சேரவில்லை! வேறு வழியில்லாமல், அங்கிருந்த அழகு நிலையத்துக்குள் அவற்றைப் பறக்கவிட்டுக் கதவை மூடிவிட்டார்கள். ஊழியர்கள் திண்டாடுவதைக் கண்ணாடி வழியே பார்த்து முதியவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம்.

பிறகுதான் மாற்றம் தெரிந்தது. பேசவே மாட்டார் என்று நினைத்தவர்கள் பேசினார்கள். ஒடுங்கிக் கிடந்தவர்கள், நாயை நடக்கக் கூட்டிப்போவதாகத் தாங்களே முன்வந்தார்கள். எல்லாக் கிளிகளுக்கும் பெயர் வைத்துத் தத்தெடுத்துக்கொண்டார்கள்.

2 ஆண்டுகள் இன்னொரு முதியோர் இல்லத்துடன் ஒப்பிட்டுப் பார்த்ததில், இங்கே ஒருவருக்குத் தேவைப்பட்ட மருந்துச் சீட்டுகள் பாதியாக இருந்தன. இறப்புகளும் 15 சதவிகிதம் குறைந்திருந்தன. விலங்குகளோடு செடிகள், குழந்தைகளின் வருகை என்று வேறு மாற்றங்களும் நடந்ததால், எல்லாப் பெருமையும் கிளிகளுக்கு மட்டும் சேராது. ஆனால், காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் கிடைத்தது என்பது உண்மை.

12 நிமிடம் போதும்!

நோயாளிகளுக்கும் இது பலன் தருகிறது. லாஸ் ஏஞ்சலீஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனையில், இதயச் செயலிழப்புக்காகச் சேர்க்கப்பட்ட 76 பேரிடம் நடந்த ஆய்வு 2005-ல் வெளியானது. பயிற்சி பெற்ற நாயும் தன்னார்வலரும் 12 நிமிடம் உடனிருந்தவர்களுக்குப் பதற்றம் 24 சதவிகிதம் குறைந்தது. தன்னார்வலர் மட்டும் வந்துபோனவர்களுக்கு 10 சதவிகிதம்தான். தனியாக இருந்தவர்களிடம் மாற்றம் இல்லை.

இதற்காக வரும் நாய், முரட்டுக் குணம் இல்லாததாக, அந்நியர் தொட்டாலும் சக்கர நாற்காலி உரசினாலும் மிரளாததாக இருக்க வேண்டும். தடுப்பூசி, குடற்புழு நீக்கம் கட்டாயம்.

வீட்டில் கவனிக்க...

* ஆறாத புண், அலர்ஜி உள்ளவர்களும், கீமோதெரபி போன்ற சிகிச்சையால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் டாக்டரைக் கேட்காமல் பிராணிகளை நெருங்கவிட வேண்டாம்.

* தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

* துள்ளும் நாய்க்குட்டி காலில் இடறினால், வயதானவர்களுக்கு எலும்பு முறியக்கூடும். நிதானமான, வளர்ந்த பிராணியே நல்லது.

* விருப்பம் இல்லாதவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது.

நாய் வளர்க்க வசதி இல்லையா? மீன்தொட்டிக்கு இரை போடும் வேலையைத் தாத்தாவிடம் கொடுங்கள். மொட்டைமாடிக்கு வரும் காகத்துக்குப் பாட்டி கையால் சோறு வைக்கட்டும். ஒருநாள் தாமதமானால் அவர்களே நினைவுபடுத்துவார்கள்.