கர்துங் லாவில் பைக்குக்கு ஏன் மூச்சு வாங்குகிறது?

லடாக்கில் பாங்காங் ஏரியே சுமார் 4,250 மீட்டர் உயரத்தில் கிடக்கிறது. கர்துங் லா கணவாயோ 5,359 மீட்டர். சமவெளியில் சீறிய பைக் அங்கே முதல் கியரில் முனகும். பழுது ஒன்றுமில்லை. காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். பிஸ்டன் ஒவ்வொரு முறை உறிஞ்சும்போதும் சிலிண்டருக்குள் வரும் ஆக்சிஜனும் அதே அளவு குறைந்துவிடுகிறது. கார்புரேட்டருக்கு இது தெரியாது. பழைய கணக்கை ஒட்டியே பெட்ரோலை ஊற்றும். மிஞ்சியது கரும்புகையாகும், ஸ்பார்க் பிளக்கில் கரி படியும். அதற்குத்தான் கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டைச் சின்னதாக மாட்டிக்கொண்டு ஏறுவது. ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வண்டியில் சென்சார் அழுத்தத்தை அளந்து பெட்ரோலைக் குறைத்துவிடும். புகை நிற்கும்; இழுவை திரும்பாது. இல்லாத ஆக்சிஜனை எந்தச் சென்சார் கொண்டுவரும்? ஓட்டுகிறவருக்கும் அதே மூச்சிரைப்புதான். படம் எடுத்ததும் கீழே இறங்கிவிடுவது நல்லது.