எழுபத்தாறுக்கு ஒன்றேகால் மைல் குறை

திருநெல்வேலி டவுனிலிருந்து விடியற்காலை நாலரை மணிக்குச் சைக்கிளில் ஏறி, பாளையங்கோட்டையைக் கடந்து, கிருஷ்ணாபுரம், செய்துங்கநல்லூர், கருங்குளம், ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை, குரும்பூர் என்று ஒவ்வோர் ஊராகப் பின்னே விட்டுத் திருச்செந்தூர் சேர்ந்து, கடலில் காலை நனைத்துக்கொண்டு வந்த வழியே திரும்பிய ஒருவர், பொழுது சாயும் வேளையில் ஜங்ஷனை அடைந்ததும், இனி முடியாது என்று சைக்கிளைச் சிநேகிதர் வீட்டில் சார்த்திவிட்டு, எஞ்சிய தூரத்தை டவுன் பஸ்ஸில் ஏறிக் கடந்தார் என்று வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ நூற்றிருபது கிலோமீட்டர் மிதித்த அந்த மனிதரை நம்மில் யாரும் குறை சொல்லத் துணியமாட்டோம். ஆனால் இங்கிலாந்து தேசத்தில் கீர்த்தி பெற்ற வான சாஸ்திரி ஒருவர், இதே அளவு தூரத்தை, அதாவது எழுபத்து நாலே முக்கால் மைலை, ஒரே ஈஸ்டர் விடுமுறையில் இரண்டு தடவை மிதித்துவிட்டு, இரண்டும் கணக்கில் சேராமல் போயினவே என்று வருந்தினார். அவருக்கு வேண்டியிருந்தது எழுபத்தாறு. குறைந்ததோ ஒன்றேகால் மைல். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் டவுனுக்கும் ஜங்ஷனுக்கும் இடைப்பட்ட தூரம்கூட இல்லை.

அவர் பெயர் ஆர்தர் எடிங்டன். 1882-இல் பிறந்து 1944-இல் மறைந்த அவர் முப்பது வருஷத்துக்கு மேலாகக் கேம்பிரிட்ஜில் பேராசிரியராக இருந்தார். 1919-ஆம் ஆண்டு மே 29-ஆம் தேதி நிகழ்ந்த பூரண சூரிய கிரகணத்தின்போது ஆப்பிரிக்கக் கரையோரத்துப் பிரின்சிபே தீவுக்குப் போய், நக்ஷத்திரங்களின் ஒளி சூரியனருகே வளைந்து வருவதைப் படம் பிடித்து, ஐன்ஸ்டீனின் கொள்கைக்குச் சாட்சி சொன்னவர் அவர்தாம். விவாகம் செய்துகொள்ளாமல், தாயோடும் சகோதரியோடும் வானாராய்ச்சி நிலையத்திலேயே குடியிருந்தார். அவர் விரும்பிய பொழுதுபோக்கு, சைக்கிளில் தன்னந்தனியாக நாட்டுப்புறத்தைச் சுற்றி வருவது. அந்தப் பிரயாணங்களை அளக்க அவர் கைக்கொண்ட கணக்கு இன்று உலகெங்கும் நெடுந்தூரம் சைக்கிள் மிதிப்பவர்களிடையே ‘எடிங்டன் எண்’ என்ற பெயரில் பிரசித்தமாக இருக்கிறது.

கணக்கு சொல்வதற்கு எளிது. ஒருவர் தம் ஆயுளில் எத்தனை நாள், ஒவ்வொரு நாளும் குறைந்தது அத்தனை மைல் மிதித்திருக்கிறாரோ, அந்த ‘அத்தனை’தான் அவருடைய எண். இருபது மைலோ அதற்கு மேலோ மிதித்த நாட்கள் இருபது இருந்தால் எண் இருபது. எழுபத்தைந்து மைலுக்குக் குறையாத நாட்கள் எழுபத்தைந்து இருந்தால் எண் எழுபத்தைந்து.

இதன் சூட்சுமம் சிறியதோர் உதாரணத்தில் விளங்கும். பத்து நாள் சைக்கிள் மிதித்த ஒருவர் தம் தூரங்களைப் பெரியது முதலாக வரிசைப்படுத்தி எழுதுகிறார்: 40, 36, 12, 8, 7, 6, 5, 4, 3, 3. வரிசையின் ஆறாம் இடத்தில் 6 நிற்கிறது. ஆகவே ஆறு மைலோ அதற்கு மேலோ மிதித்த நாட்கள் ஆறு உண்டு. ஏழாம் இடத்தில் நிற்பதோ 5. அது ஏழுக்குக் குறைவு. எனவே எண் ஆறு. இவர் ஏழுக்கு உயர இன்னும் ஒரு நாள் ஓட்டினால் போதுமே என்று தோன்றும், போதாது. ஏழு மைல் என்று கேட்கும்போது, இதுவரை கணக்கில் இருந்த ஆறு மைல் நாளும் உதிர்ந்துபோகிறது. மிஞ்சுவன ஐந்து நாட்களே. புதிதாக இரண்டு நாள் வேண்டும். முதல் இரண்டு நாளின் 40-உம் 36-உம், அவ்வளவு பாடுபட்டு மிதித்தவை, ஆளுக்கு ஒரு நாள் என்ற மதிப்புக்கு மேல் ஒரு காசும் பெறவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். வீராவேசமாக ஒரு நாள் செய்கிற காரியத்துக்கு இந்தக் கணக்கில் தனிச் சலுகை கிடையாது. ஏறிய எண் ஒருபோதும் இறங்குவதில்லை என்பது ஒன்றே அது காட்டும் கருணை.

எடிங்டனின் இந்த அந்தரங்கக் கணக்கு உலகத்துக்குத் தெரியவந்ததில் ஒரு தமிழருக்குப் பெரும் பங்கு உண்டு என்பதுதான் நமக்கு விசேஷம். சென்னை ராஜதானிக் கல்லூரியில் படித்து, 1930-இல் பத்தொன்பது வயதில் கப்பலேறிய சுப்பிரமணியன் சந்திரசேகர், அந்தப் பிரயாணத்தின்போதே ஒரு கணக்கைப் போட்டார். எரிபொருள் தீர்ந்து வெண்குள்ளனாகச் சுருங்கி அடங்கும் நக்ஷத்திரத்துக்கு ஓர் எடை வரம்பு உண்டு. சூரியனைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் குறைவான அந்த வரம்பை மீறியது, அடங்காமல் மேலும் மேலும் தன்னுள்ளேயே இடிந்து விழும் என்பது அவர் கண்ட முடிவு. கேம்பிரிட்ஜில் அவர் அந்தக் கணக்கை விஸ்தரித்துக்கொண்டிருந்த நாட்களில் எடிங்டன் அடிக்கடி அவர் அறைக்கு வந்து விசாரித்துப் போவார். அப்படி விசாரித்துப் போனவரே, 1935 ஜனவரி 11-ஆம் தேதி லண்டன் ராயல் வானியல் சங்கக் கூட்டத்தில், சந்திரசேகர் பேசி அமர்ந்த அடுத்த கணம் எழுந்து, ஒரு நக்ஷத்திரம் இவ்வளவு அசம்பாவிதமாக நடந்துகொள்ள இயற்கை இடம் கொடாது என்ற பொருள்படப் பேசிச் சபையைச் சிரிக்க வைத்தார். இருபத்துநாலு வயது இளைஞருக்கு அது எத்தகைய அடி என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

ஆனால் இருவருடைய சிநேகிதம் அதனால் அறுந்துவிடவில்லை. சந்திரசேகர் அமெரிக்கா போய்ச் சேர்ந்த பிறகும் கடிதங்கள் நடந்தன. அவற்றிலே நக்ஷத்திரங்களைப் பற்றிய செய்திகளுக்கு நடுவே, ‘என் எண் இப்போது இவ்வளவு’ என்று எடிங்டன் எழுதுவது வழக்கம். 1938-இல் எழுதிய கடிதத்தில்தான் அந்த எழுபத்து நாலே முக்கால் மைல் விசாரம் வருகிறது: எண் இன்னும் எழுபத்தைந்திலேயே நிற்கிறது, அடுத்த படிக்கு நான்கு நாள் குறைகிறது, ஆனாலும் தென் வேல்ஸில் வானிலையும் நாட்டுப்புறமும் அருமையாக வாய்த்தன. யுத்த காலத்துக் கடிதம் ஒன்று எண் எழுபத்தேழானதைச் சொல்கிறது. இராத் தங்க இடம் கிடைக்கும் என்று நம்ப முடியாத காரணத்தால் 1940-க்குப் பின் சுற்றுப்பிரயாணமே போகவில்லை என்றும், கேம்பிரிட்ஜை அடுத்த சதுப்பு நிலச் சமவெளியில் எண்பது மைல் மிதித்து அந்த எழுபத்தேழை எட்டினேன் என்றும் எழுதினார். எடிங்டன் பிறந்து நூறாண்டு நிறைந்த 1982-இல் அதே கேம்பிரிட்ஜில் அவரைப் பற்றிச் சொற்பொழிவாற்ற அழைக்கப்பட்டவர் சந்திரசேகர். பழைய காயத்தைப் பற்றிப் பேச வேண்டியதைப் பேசியவர், இந்தச் சைக்கிள் எண்ணைச் சொல்லவும் மறக்கவில்லை. மறு வருஷம் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

ஒரு வரம்பை ஒப்புக்கொள்ள மறுத்த அதே மனிதர், தமக்குத் தாமே விதித்துக்கொண்ட இன்னொரு வரம்பின் முன், ஒன்றேகால் மைலுக்குக்கூட விட்டுக்கொடாமல் கட்டுப்பட்டு நின்றார் என்பதை நினைக்கும்போது எனக்கு அவர்மேல் இருந்த கோபத்தில் பாதி குறைந்துவிடுகிறது. மறு பாதி இருக்கத்தான் இருக்கிறது.

அவர் மிதித்த அந்த எண்பது மைல் நம் பக்கத்தவர்க்கு எளிதில் மனத்தில் படும்படியான ஓர் அளவு. எண்பது மைல் என்பது நூற்றிருபத்தெட்டு கிலோமீட்டரும் சொச்சமும். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் தாமிரபரணியின் மொத்த நீளமும் ஏறத்தாழ அதுவே. ஆகவே எண்பது என்ற எண்ணைப் பெற விரும்புகிறவர், அகஸ்தியர் மலைக் காட்டிலிருந்து கடல்வரை ஆறு செல்லும் தூரத்தை, வாழ்நாளில் எண்பது வெவ்வேறு நாட்களில் மிதித்தாக வேண்டும். வேறொரு விதத்திலும் இந்தப் பள்ளத்தாக்கு இந்தக் கணக்குக்கு வாகானது. ஆற்றை ஒட்டி மேற்கே போகும் பாபநாசம் சாலையில் பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம் என்று ஊர்கள் ஏணிப்படிபோல் அமைந்திருக்கின்றன. சேரன்மகாதேவி போய் வந்தால் நாற்பது கிலோமீட்டர் சுமார்; அம்பாசமுத்திரம் என்றால் எழுபதுக்கு மேல்; பாபநாசம் என்றால் தொண்ணூறை ஒட்டி. கிலோமீட்டரில் கணக்கிட்டால், எண் நாற்பதைத் தாண்டிய அன்றே சேரன்மகாதேவி வெறும் உலாவலாகிவிடுகிறது. இனி வீரவநல்லூரைப் பார்த்துத்தான் திரும்ப வேண்டும். ஒவ்வோர் எண் ஏறும்போதும், முன்பு பெருமையோடு போய் வந்த ஓர் ஊர் நம் நோட்டிலிருந்து உதிர்ந்துபோகிறது.

ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியே இறங்கும் மேல்காற்றை எதிர்த்துப் போகிறவர்களுக்குத்தான் கிலோமீட்டர் என்பது ஒரே நீளமுள்ள வஸ்து அல்ல என்பது தெரியும். போகும்போது நின்றுகொண்டு மிதித்தாலும் நகராத வண்டி, திரும்பும்போது பெடலைத் தொடாமலே ஓடும். எடிங்டன் எண்ணுக்கு இந்தப் பேதமெல்லாம் கிடையாது.

நான் பள்ளிக்கூடத்து வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, தேதியும் தூரமும் மட்டும் எழுதிய நீலக் கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு ஒன்றை வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைத் தொடங்கினேன். வழக்கமாக வண்டியைப் பழுது பார்க்கும் கடைக்காரரிடம் ஒரு நாள் பெருமையோடு, “அண்ணாச்சி, என் நம்பர் நாற்பத்தொன்று ஆகிவிட்டது” என்று சொல்லி, கணக்கையும் விவரித்தேன். பின்டயரைக் கழற்றி, ட்யூபில் காற்றடித்து, தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தவர் தலை நிமிராமலே கேட்டார்: “மைல்லயா சார்வாள், கிலோமீட்டர்லயா? மைலுன்னா ஒரு கணக்கு, கிலோமீட்டருன்னா வேற கணக்குல்லா வரும்?”

நியாயமான கேள்வி, பலரும் இடறுகிற இடமும் இதுதான். மைல் எண்ணை ஒன்றே ஆறால் பெருக்கினால் கிலோமீட்டர் எண் வந்துவிடாது. கிலோமீட்டர் சிறியதாகையால் தூரத்தின் எண்ணிக்கை பெருகும். ஆனால் நாட்களின் எண்ணிக்கை பெருகாதே! எழுபத்தைந்து மைல் மிதித்த எழுபத்தைந்து நாட்கள் உடையவருக்கு நூறு என்ற கிலோமீட்டர் எண் வேண்டுமானால், நூறு கிலோமீட்டருக்குக் குறையாத நாட்கள் இன்னும் இருபத்தைந்து அவர் நோட்டில் இருந்தாக வேண்டும். இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஆகையால் எண்ணை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு பிரயோஜனமில்லை. நாள்வாரியாகத் தூரத்தை எழுதி வைத்தவனே அளவை மாற்றிக்கொள்ள முடியும். இன்று கைப்பேசிச் செயலிகள் இதையெல்லாம் தாமே செய்துவிடுகின்றன என்கிறார்கள். என் நோட்டு எனக்குப் போதும்.

நெடுந்தூரப் பிரயாணத்துக்கு இன்று வேறு அளவுகோல்களும் உண்டு. பிரான்ஸ் தேசத்து மரபைப் பின்பற்றி, இருநூறு கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள்ளும், அறுநூறை நாற்பது மணி நேரத்துக்குள்ளும் முடிக்கும் ‘பிரெவே’ ஓட்டங்களில் நம் நாட்டு இளைஞர்கள் ஏராளமாகக் கலந்துகொள்கிறார்கள். 1891-இல் பந்தயமாகத் தொடங்கிய பாரீஸ்–பிரெஸ்ட்–பாரீஸ் பாதையின் ஆயிரத்து இருநூறு கிலோமீட்டரைத் தொண்ணூறு மணி நேரத்துக்குள் கடந்து வந்த இந்தியர்களும் இருக்கிறார்கள். அவற்றை நான் குறைத்துப் பேசவில்லை. எனினும் உறக்கத்தைத் துறந்து இரண்டு நாளில் முடித்த அறுநூறு கிலோமீட்டர், எடிங்டன் கணக்கில் இரண்டு நாள்தான்.

இன்னொரு வேடிக்கை. 2005-இல் ஹெர்ஷ் என்ற அமெரிக்கப் பௌதிகப் பேராசிரியர், விஞ்ஞானிகளின் ஆராய்ச்சிக் கட்டுரைகளை மதிப்பிட இதே மாதிரிக் கணக்கு ஒன்றை வெளியிட்டார். நாளுக்குப் பதில் கட்டுரை, மைலுக்குப் பதில் அதைப் பிறர் எடுத்தாண்ட தடவை. நம் அபிஷேகப்பட்டிப் பல்கலைக்கழகம் முதலாக உலகத்துப் பல்கலைக்கழகங்களிலெல்லாம் பேராசிரியர்களுக்கு இப்போது அந்த ‘ஹெச்-இன்டெக்ஸ்’ பழக்கமான சொல். எடிங்டன் தம் எண்ணைச் சிநேகிதருக்கு எழுதும் கடிதத்தில் சொன்னார்; இவர்கள் விண்ணப்பத்தில் எழுதவேண்டியிருக்கிறது.

அண்ணாச்சியின் கதைக்கு வருகிறேன். ஓட்டையைக் கண்டுபிடித்து, அரத்தால் தேய்த்து, சொலூஷன் தடவி, அது காயும்வரை பேச்சுக் கொடுத்தார். கடை வைப்பதற்கு முன் இருபது வருஷம், உடன்குடிக் கருப்பட்டிச் சிப்பங்களைக் கேரியரில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்றவராம். தினம் போக வர முப்பது மைல், மழையானாலும் வெயிலானாலும் அதே பாதை, அதே தூரம். நான் உடனே உற்சாகமாகி நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவர் எண்ணைக் கணக்கிடத் தொடங்கினேன். முப்பது மைலுக்குக் குறையாத நாட்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. முப்பத்தொரு மைல் மிதித்த நாளோ ஒன்றுகூட இல்லை. எண் முப்பது. சொன்னேன்.

ட்யூபில் ஒட்டுத் துண்டை வைத்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே சிறிது நேரம் யோசித்தார். “அப்பம் மொத மாசத்துலயே நான் பாசாயிட்டேன். மிச்ச இருவது வருசம் மிதிச்சதெல்லாம் சும்மாத்தானா சார்வாள்?” என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல், டயரை மாட்டி, வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, சக்கரத்தைச் சுழலவிட்டுக் கோட்டம் பார்க்கலானார்.