பத்து ரூபாய்க்கு மல்லி: மளிகைக் கடை பில்லிங்கில் ஒளிந்திருக்கும் இன்ஜினியரிங்

பிராஜெக்ட் எக்ஸ்போ என்றாலே ஒரு 'ஸ்மார்ட் டிராலி' இல்லாமல் இருக்காது. வண்டியில் ஒரு ஆர்எஃப்ஐடி ரீடர், ஒரு எல்சிடி, பொருளைப் போட்டதும் பில் ஏறும். பார்க்க நல்லாத்தான் இருக்கும். ஆனா நம்ம தெருமுனை மளிகைக் கடையில் டிராலி தள்ள இடம் எங்கே இருக்கு? அங்கே வாங்க வருகிறவர் கடைக்குள்ளேயே போவதில்லை. சாக்குகளுக்கு இந்தப் பக்கம் நின்றபடி ஒரு பையன் இப்படிச் சொல்வான்:

"அண்ணாச்சி, பத்து ரூபாய்க்கு மல்லி, கால் கிலோ துவரம்பருப்பு, ஒரு சோப்பு. அம்மா கணக்குல எழுதிக்கோங்க."

சாதாரண வாக்கியம்தான். ஆனால் சூப்பர் மார்க்கெட்டுக்காக எழுதிய பில்லிங் சாஃப்ட்வேரை இந்தக் கடையில் கொண்டுவந்து வைத்தால், இந்த ஒரு வாக்கியத்திலேயே நாலு இடத்தில் தடுமாறும். ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

யாருக்காகப் பிறந்த மெஷின்?

முதல் கேஷ் ரெஜிஸ்டரை 1879-இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் உள்ள டேட்டன் நகரில் ஜேம்ஸ் ரிட்டி என்பவர் உருவாக்கினார். அவர் ஒரு மதுக்கடை முதலாளி. கல்லாவில் உட்காரும் வேலையாட்கள் காசை எடுத்துவிடுகிறார்கள் என்பதுதான் அவர் பிரச்சினை. பார்கோடு கடையில் முதன்முதலில் ஸ்கேன் ஆனது 1974 ஜூன் 26 அன்று, அதே ஓஹையோவின் டிராய் நகரில், மார்ஷ் சூப்பர் மார்க்கெட்டில். பொருள், ஒரு ரிக்லி சூயிங் கம் பாக்கெட்.

இரண்டு கதையிலும் ஒரு விஷயம் கவனியுங்க. முதலாளி கல்லாவில் இல்லை. பொருள் எல்லாம் கம்பெனி பாக்கெட்டில் வருகிறது. அண்ணாச்சி கடையில் முதலாளியே கல்லாவில் இருக்கிறார், பாதி வியாபாரம் சாக்கிலிருந்து அள்ளிப் போடுவது. அதனால்தான் அந்த டிசைன் இங்கே அப்படியே பொருந்துவதில்லை.

ஒன்று: "பத்து ரூபாய்க்கு"

வழக்கமான பில்லிங் சாஃப்ட்வேர் கேட்கும் கேள்வி "எத்தனை?" என்பது. அளவு × விலை = தொகை. ஆனா பையன் சொன்னது தொகையை. கணக்கு தலைகீழாக ஓடணும்.

மல்லி கிலோ 160 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பத்து ரூபாய்க்கு 62.5 கிராம். தராசு 5 கிராம் படியில் காட்டுகிறது என்றால் 60 அல்லது 65 தான் வரும். 60 கொடுத்தால் வாங்குபவருக்கு 2.5 கிராம் நஷ்டம். 65 கொடுத்தால் கடைக்கு 2.5 கிராம் நஷ்டம். ஒரு நாளைக்கு 40 பேர் இப்படி வாங்கினால் 100 கிராம், மாதத்துக்கு 3 கிலோ. ஒரு பொருளில் மட்டும் இவ்வளவு!

சாஃப்ட்வேரில் 0.060 என்று அடித்தால் பில் 9.60 ரூபாய் வரும். பையன் கையில் இருப்பது பத்து ரூபாய். மீதி 40 காசை யார் எண்ணிக் கொடுப்பது? அதனால் கடைக்காரர் என்ன செய்வார்? 'மல்லி 1, 10 ரூபாய்' என்று ஏதோ ஒன்றை அடித்துவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பார். அன்றிலிருந்து ஸ்டாக் கணக்கு பொய்.

தீர்வு ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. தொகை, எடை, கிலோ விலை ஆகிய மூன்றில் எந்த இரண்டைக் கொடுத்தாலும் மூன்றாவதைக் கணக்கிட வேண்டும். வாங்கிய தொகை, தராசு காட்டிய எடை இரண்டையும் தனித்தனியாகச் சேமிக்க வேண்டும். அப்போதுதான் மாதக் கடைசியில் "சாக்கில் ஏன் 3 கிலோ குறையுது?" என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

இரண்டு: "கால் கிலோ"

எலக்ட்ரானிக் தராசுக்குள் இருப்பது லோட்செல். ஒரு அலுமினியக் கட்டையில் ஸ்ட்ரெயின் கேஜ்களை ஒட்டி வீட்ஸ்டன் பிரிட்ஜாக இணைத்திருப்பார்கள். எடை வைத்தால் கட்டை கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும், மின்தடை மாறும். லோட்செல்லின் உணர்திறன் ஒரு வோல்ட்டுக்கு 2 மில்லிவோல்ட், கொடுக்கும் மின்னழுத்தம் 5 வோல்ட் என்றால், முழு எடையான 30 கிலோவுக்கும் வெளிவருவது 10 மில்லிவோல்ட் மட்டும். 5 கிராம் என்பது அதில் 6000-இல் ஒரு பங்கு. அதாவது சுமார் 1.7 மைக்ரோவோல்ட். மேலே ஃபேன் வேகமாக ஓடினால் காலித் தட்டில் எண் ஆடுவது ஏன் என்று இப்போ புரியுதா?

இதனால்தான் ஏலக்காயை அந்தத் தராசில் போட முடியாது. கிலோ 3000 ரூபாய் என்றால் 5 கிராமே 15 ரூபாய். பத்து ரூபாய் ஏலக்காய் அந்தத் தராசின் ஒரு படிக்குக்கூட வராது. அண்ணாச்சி அதைச் சின்ன கவரில் முன்கூட்டியே போட்டுத் தொங்கவிட்டிருப்பது இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டுதான்.

தராசைக் கம்ப்யூட்டரோடு சீரியல் கேபிளில் இணைக்கலாம். எடை நேராக பில்லில் ஏறும். ஆனால் வியாபாரத் தராசு என்பது சட்டமுறை எடையளவுச் சட்டத்தின் கீழ் சரிபார்த்து முத்திரை இட்ட கருவி. தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. உங்கள் சாஃப்ட்வேர் எடையைப் படிக்கலாம், காலிபரேஷனைத் தொடக் கூடாது.

இன்னொரு பொறி இருக்கு. மாலை நெரிசலுக்கு முன்னாடியே பருப்பைக் கால் கிலோ பொட்டலமாகப் போட்டு, எடை பதிந்த பார்கோடு லேபிள் ஒட்டிவிடலாமே என்று தோன்றும். கடைக்குள் மட்டும் பயன்படும் இப்படிப்பட்ட கோடுகளுக்காகவே 2-இல் தொடங்கும் எண்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. டெக்னிக்கலாக அருமையான யோசனைதான். ஆனால் வாங்குபவர் எதிரில் இல்லாதபோது பொட்டலம் போட்டால் சட்டத்தின் பார்வையில் அது 'முன்கூட்டியே பொதியப்பட்ட பொருள்'. அரிசி, பருப்பு சாக்கிலிருந்து அள்ளிக் கொடுத்தால் ஜிஎஸ்டி இல்லை. 2022 ஜூலை 18 முதல், பொதிந்து லேபிள் ஒட்டி விற்றால் 5 சதவீதம். நீங்கள் ஒட்டச் சொன்ன ஒரு ஸ்டிக்கர் அந்தக் கடையின் வரிக் கணக்கையே மாற்றிவிடும். ஃபீச்சர் சேர்க்கும் முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கணும்.

மூன்று: "ஒரு சோப்பு"

இதுதான் பார்கோடு ராஜ்ஜியம். நம்ம ஊர் பாக்கெட்டுகளில் பெரும்பாலும் 890-இல் தொடங்கும் 13 இலக்க எண் இருக்கும். 890 என்றால் 'இந்தியாவில் தயாரித்தது' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அது தப்பு. அந்தக் கம்பெனி ஜிஎஸ்1 இந்தியா அமைப்பில் எண் வாங்கியிருக்கிறது என்பதுதான் பொருள்.

கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். 890123456789 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். ஒற்றைப்படை இடங்களைக் கூட்டினால் 8+0+2+4+6+8 = 28. இரட்டைப்படை இடங்கள் 9+1+3+5+7+9 = 34, அதை 3-ஆல் பெருக்கினால் 102. மொத்தம் 130. அடுத்த பத்தின் மடங்குக்கு எவ்வளவு குறைகிறது? 0. அதனால் 13-ஆவது இலக்கம் 0.

ஏன் 3? அதற்கும் 10-க்கும் பொதுக் காரணி இல்லை. அதனால் எந்த ஒரு இலக்கம் தப்பானாலும் கூட்டுத்தொகை காட்டிக்கொடுத்துவிடும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் பிடிக்கும், இரண்டுக்கும் வித்தியாசம் 5 ஆக இருந்தால் மட்டும் தப்பிவிடும். 1-ஐயும் 6-ஐயும் மாற்றிப் போட்டுக் கணக்கிட்டுப் பாருங்க, தெரியும்.

ஸ்கேனர் என்பது கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை ஒரு கீபோர்டுதான். 13 எண்ணை வேகமாக டைப் செய்து கடைசியில் என்டர் தட்டும், அவ்வளவுதான். அந்த நேரத்தில் கர்சர் 'எண்ணிக்கை' கட்டத்தில் இருந்தால், ஒரு சோப்புக்குப் பதில் எட்டு லட்சத்துத் தொண்ணூறாயிரம் கோடி சோப்புக்கு பில் வரும்! எண்கள் விழும் வேகத்தை வைத்து "இது மனிதர் கை இல்லை, ஸ்கேனர்" என்று கண்டுபிடித்து, சரியான கட்டத்துக்குத் திருப்புவது நல்ல புரோகிராமின் வேலை.

பெரிய தலைவலி எம்ஆர்பி. பார்கோடு பொருளைத்தான் சொல்லும், விலையைச் சொல்லாது. 2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, ஷாம்பு, பற்பசைக்கு ஜிஎஸ்டி 18-லிருந்து 5 சதவீதம் ஆனது. அந்த வாரம் கடையில் பழைய எம்ஆர்பி அச்சிட்ட சோப்பும் இருக்கும், புது எம்ஆர்பி சோப்பும் வந்து இறங்கும். பார்கோடு பெரும்பாலும் இரண்டுக்கும் ஒன்றேதான். டேட்டாபேஸில் பார்கோடையே பிரைமரி கீயாக வைத்திருந்தால் ஒரு விலைதான் நிற்கும். பழைய விலை நின்றுவிட்டால், புது சோப்பு அச்சிட்ட எம்ஆர்பியைவிட அதிகத்துக்குப் போகும். அது சட்டப்படி குற்றம், திட்டு வாங்குவது அண்ணாச்சி. பார்கோடும் எம்ஆர்பியும் சேர்ந்ததுதான் கீ. இரண்டு விலை இருப்பில் இருந்தால் "எது?" என்று திரை கேட்க வேண்டும்.

அடுத்தது காசுக் கணக்கு. 20 ரூபாய் சோப்பு, வரி உள்ளடக்கம், 5 சதவீதம். 20-ஐ 1.05-ஆல் வகுத்தால் 19.05. மீதி 0.95 வரி. அதை மத்திய, மாநில வரியாகப் பிரித்தால் தலா 0.475, முழுமையாக்கினால் 0.48. இப்போ கூட்டுங்க: 19.05 + 0.48 + 0.48 = 20.01. எம்ஆர்பியைத் தாண்டி ஒரு காசு! சரியான வழி, 20.00-ஐ மாற்றாமல் வைத்துக்கொண்டு, வரிகளை முதலில் 0.48, 0.48 என்று முழுமையாக்கி, மீதி 19.04-ஐ அடிப்படை விலை ஆக்குவது. பணத்தை ஃப்ளோட்டில் வைக்காமல் காசுகளாக, முழு எண்ணாக வைப்பதும் கட்டாயம்.

வரியைப் பிரித்துக் காட்டும் இந்த வேலை எல்லாக் கடைக்கும் பொருந்தாது. ஆண்டு விற்றுமுதல் 1.5 கோடி வரை உள்ள கடை காம்போசிஷன் திட்டத்தில் இருந்தால், வாடிக்கையாளரிடம் தனியாக வரி வசூலிக்கவே கூடாது. இதற்கு சாஃப்ட்வேரில் ஒரு ஸ்விட்ச் வேணும்.

நாலு: "அம்மா கணக்குல எழுதிக்கோங்க"

கணக்கு நோட்டு பழசு என்று சிரிக்கிறோம். ஆனா சில வீடுகளில் கடைக்கு ஒரு நோட்டு, வீட்டுக்கு ஒரு நோட்டு என்று இருக்கும். இரண்டிலும் ஒரே வரி ஏறும். எழுதியதை அடித்தால் அடித்தது தெரியும். இரண்டு பிரதி, அழிக்க முடியாத பதிவு. கிரிப்டோ கிளப்காரர்கள் பெரிய பெயர் வைத்துப் பேசுவதும் ஏறக்குறைய இதைத்தான்.

டிஜிட்டலாக மாற்றும்போது இந்தக் குணங்களைத் தொலைக்கக் கூடாது. பழைய வரியைத் திருத்தும் பட்டன் வேண்டாம். தப்பு நடந்தால் புது வரியாகத் திருத்தம் போகட்டும். வாடிக்கையாளருக்கும் ஒரு பிரதி போகட்டும்.

யுபிஐ வந்த பிறகு இன்னொரு சிக்கல். கல்லாவில் ஒட்டியிருக்கும் க்யூஆரில் கடையின் ஐடி மட்டும்தான் இருக்கும், தொகை இருக்காது. பணம் வந்ததும் சவுண்ட் பாக்ஸ் தன் சிம் கார்டு வழியாகச் செய்தி வாங்கி "நானூறு ரூபாய் பெறப்பட்டது" என்று சத்தமாகச் சொல்லும். போலி ஸ்கிரீன்ஷாட் காட்டி ஏமாற்றுவதை அது நன்றாகவே தடுக்கிறது. ஆனால் அந்த நானூறு எந்த பில்லுக்கு, யார் கணக்குக்கு என்பது பில்லிங் சாஃப்ட்வேருக்குத் தெரியாது. ஒவ்வொரு பில்லுக்கும் தொகையும் பில் எண்ணும் சேர்ந்த புது க்யூஆர் திரையில் வந்தால்தான் இரண்டையும் இணைக்க முடியும்.

இதைவிட முக்கியம் மரியாதை. நோட்டு மூடியே இருக்கும். யார் வீட்டில் எவ்வளவு பாக்கி என்பது அண்ணாச்சிக்கும் அந்த வீட்டுக்கும் மட்டும் தெரியும். வாடிக்கையாளர் பக்கம் திருப்பிய திரையில் பெயரும் 'பாக்கி 4,320' என்பதும் பளிச்சென்று வந்தால், பின்னால் நிற்கும் நாலு பேருக்கும் தெரிந்துவிடும். இன்னொன்று, தானாகப் போகும் ரிமைண்டர் மெசேஜ். சம்பளம் வராத வீட்டில், துக்கம் நடந்த வீட்டில் எப்போது கேட்கக் கூடாது என்று அண்ணாச்சிக்குத் தெரியும். சர்வருக்குத் தெரியாது. அடுத்த மாதம் அந்த அம்மா வேறு கடைக்குப் போய்விட்டால், பணமும் போச்சு, உறவும் போச்சு. அதனால் பாக்கி மறைந்தே இருக்கட்டும். ரிமைண்டரை அனுப்புவது கடைக்காரர் விரலாக இருக்கட்டும்.

பில் தமிழில் வருமா?

வரும், ஆனால் சும்மா வராது. மலிவான தெர்மல் பிரின்டருக்கு ஆங்கில எழுத்துகளை நேராக அனுப்பினால் அச்சடித்துவிடும். தமிழில் 'கொ' என்பது கணினிக்குள் க, ொ என்ற இரண்டு குறியீடு. அச்சில் கொம்பு முன்னால், க நடுவில், கால் பின்னால் வரணும். இந்த எழுத்துக்கோப்பு அந்த பிரின்டருக்குள் இல்லை. எனவே கம்ப்யூட்டரிலோ போனிலோ எழுத்தை வரைந்து, படமாக அனுப்ப வேண்டும். 58 மில்லிமீட்டர் தாளில் அச்சாகும் அகலம் 48 மில்லிமீட்டர், மில்லிமீட்டருக்கு 8 புள்ளி, மொத்தம் 384 புள்ளி. அதற்குள் பெயர், எடை, தொகை மூன்றும் அடங்கணும். நல்ல மினி பிராஜெக்ட் இது. 'TOOR' என்று அச்சிட்டதைப் படிக்கத் தெரியாத பாட்டி, 'துவரம்பருப்பு கால் கிலோ' என்பதைத் தானே சரிபார்ப்பார்.

கரண்ட் போனால்?

கடை நிற்காது, அதனால் பில்லும் நிற்கக் கூடாது. பதிவு முதலில் உள்ளூர் டேட்டாபேஸில் ஏறணும், இணையம் வந்ததும் மேலே போகட்டும். ஜிஎஸ்டி பில் எண் ஒரு நிதியாண்டில் திரும்ப வராமல், வரிசையாக, 16 எழுத்துக்குள் இருக்கணும். இரண்டு கவுன்டர் இணைப்பில்லாமல் ஓடினால் இரண்டும் 'பில் 101' போட்டுவிடும். ஒன்றுக்கு ஏ வரிசை, மற்றதுக்கு பி வரிசை என்று ஆரம்பத்திலேயே பிரித்துவிட்டால் முடிந்தது.

இதில் எதற்கும் ஏஐ தேவைப்படவில்லை என்பதைக் கவனித்தீர்களா? கொஞ்சம் கணக்கு, கொஞ்சம் சட்டம், நிறைய கவனிப்பு, அவ்வளவுதான். இந்த வருஷம் டைட்டில் தேடுகிறவர்கள் மாலை ஆறு மணியிலிருந்து ஏழு மணி வரை ஒரு மளிகைக் கடை ஓரமாக, அண்ணாச்சியிடம் கேட்டுவிட்டு, நோட்டும் பேனாவுமாக நின்று பாருங்க. வாங்குகிறவர்கள் கேட்பதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதுங்க. "கொசுறு கொஞ்சம் போடுங்க" என்று யாராவது சொன்னால் அதையும் எழுதிக்கோங்க. கொசுறை எந்தக் கட்டத்தில் பதிவது என்று எனக்கும் இன்னும் பிடிபடவில்லை. கண்டுபிடித்தால் அடுத்த இதழுக்கு எழுதி அனுப்புங்க.